பேய் வராத பேய்க்கதைகள்: மலையகத்தின் கொடூரக் கதைகளை ஏன் வாசிக்கிறோம்?

"இதையெல்லாம் ஏன் வாசிக்கிறீங்க? மனசு கெட்டுப் போகாதா?"

கொடூரமான கதைகளைத் தேடி வாசிக்கிற எல்லோரும் ஒருதடவையாவது கேட்டிருக்கக்கூடிய கேள்வி இது. ஆங்கிலத்தில் இந்த மாதிரிக் கதைகளுக்கு 'எக்ஸ்ட்ரீம் ஹொரர்' என்று தனிப் பெயரே இருக்கு. பாழடைந்த பங்களா, வெள்ளைச் சேலை, நடுராத்திரிச் சலங்கைச் சத்தம் எதுவும் அதில் தேவையில்லை. மனுஷன் இன்னொரு மனுஷனுக்கு என்னவெல்லாம் செய்வான் என்பதைக் கண்ணை மூடவிடாமல் காட்டுகிற எழுத்து அது. வாசித்து முடித்தால் பயம் வருவதில்லை, அருவருப்பு வரும். சிலநேரம் நம்மேலேயே அருவருப்பு வரும்.

இதில் ஆழமான அர்த்தம் ஏதும் இருக்கிறதா, இல்லை வெறும் அதிர்ச்சி வியாபாரமா? கலைப்பீடத்தில் படிக்கிற நாங்கள், பாதிப்பேர் அட்டன், தலவாக்கலை, லிந்துலைப் பக்கத்து லயங்களில் பிறந்தவர்கள், கொஞ்சநாளாக இதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். பேசப்பேச ஒன்று தெளிவாச்சு. இந்தக் கேள்விக்குப் பதில் தேட அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. எங்கள் மலைகளைப் பற்றி எழுதப்பட்ட தமிழ்க் கதைகளே போதும்.

அழகான பொய் ஒன்று

முதலில் கொடூரத்துக்கு நேர் எதிரான ஒரு புத்தகத்தைப் பார்ப்போம். 1869 இல் ஆபிரகாம் ஜோசப் என்பவர் எழுதிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி' வெளிவந்தது. கோப்பியை எப்படி நடுவது, எப்படிப் பராமரிப்பது, தோட்டத்து வேலைகள் எப்படி நடக்கின்றன என்பதையெல்லாம் கும்மிப் பாட்டாகச் சொல்கிற நூல். துரைமாரின் பக்கம் நின்று தோட்டத் தொழிலைப் புகழ்கிற நூலும்கூட. மலையகத்து ஆரம்பகால எழுத்துகளை ஆராய்ந்த மு. நித்தியானந்தன் தன் 'கூலித் தமிழ்' நூலில் இதை விரிவாகப் பேசியிருக்கிறார். கும்மி என்பது பெண்கள் கைகொட்டிச் சுற்றி ஆடுகிற பாட்டு. அந்த வடிவத்தை எடுத்துத் தோட்டத்தைப் பாடினால் தோட்டமும் ஒரு திருவிழா மாதிரித்தான் தெரியும்.

அந்தக் கும்மிக்கு வெளியே என்ன நடந்தது? 1820களில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். தோணியில் மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் மாத்தளை வரைக்கும் காட்டுவழியே நடந்தார்கள். ஏறத்தாழ 250 கிலோமீட்டர். தண்ணீர் கிடையாது, வைத்தியம் கிடையாது. கொலரா, மலேரியா, வயிற்றோட்டம், பட்டினி. விழுந்தவர்களை விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். 1841க்குப் பிந்திய சில வருஷங்களில் மட்டும் 70,000 பேர்வரை செத்திருப்பார்கள் என்று 1849 இல் 'கொழும்பு ஒப்சேவர்' பத்திரிகை கணக்குச் சொன்னது. அந்தத் தொகை மிகையானது என்று பிற்கால ஆய்வாளர்கள் சிலர் வாதிடுகிறார்கள். சரி, பாதி என்றே வைத்துக்கொள்வோம். பாதியும் மனுஷர்கள்தானே?

'தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும்' என்று ஆசைகாட்டி ஆட்களைக் கூட்டிவந்ததாக எங்கள் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். எல்லாத் தோட்டத்திலும் இந்தக் கதை உண்டு. தேயிலைத் தூருக்கு அடியில் உண்மையில் யார் கிடக்கிறார்கள் என்பதை சி. வி. வேலுப்பிள்ளை 1950களில் ஆங்கிலத்தில் எழுதிய 'இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே' சொன்னது. கல்லறை இல்லாமல், பெயர் இல்லாமல், செடிக்கு உரமாகிப்போன முன்னோர்கள்.

யோசித்துப் பாருங்க. நிலத்துக்கு அடியில் ஆயிரக்கணக்கான பிணங்கள், மேலே பச்சைப்பசேல் என்று அழகான மலை, அந்த மலையின் இலையைக் கொதிக்கவைத்து உலகமே குடிக்கிறது. இதை ஒரு ஹொரர் எழுத்தாளர் கற்பனையாக எழுதியிருந்தால் 'ரொம்ப ஓவர்' என்று சொல்லியிருப்போம். எங்களுக்கு இது குடும்ப வரலாறு.

காஞ்சனை பேய்க்கதை என்றால், துன்பக்கேணி எது?

தமிழில் பேய்க்கதை என்றதும் வாசிக்கிறவர்களுக்கு உடனே ஞாபகம் வருவது புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'. ஆனால் அதே புதுமைப்பித்தன் அதற்குப் பல வருஷம் முன்னாலேயே, 1935 இல், 'மணிக்கொடி'யில் 'துன்பக்கேணி' என்ற நீண்ட கதையை எழுதினார். நாங்கள் இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தோம். காஞ்சனை வாசித்த இரவு நல்லாவே தூங்கினோம். துன்பக்கேணி வாசித்த இரவு அப்படித் தூக்கம் வரவில்லை.

கதையின் எலும்புக்கூடு இதுதான். திருநெல்வேலிப் பக்கத்து வாசவன்பட்டியில் மருதி என்கிற கர்ப்பிணிப் பெண். புருஷன் வெள்ளையன் சிறைக்குப் போய்விடுகிறான். பிழைக்க வழியில்லாமல் கங்காணியின் வார்த்தையை நம்பி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வருகிறாள். அங்கே அவள் உடம்பு அவளுடையதாக இல்லை. அதிகாரத்தில் இருக்கிறவன் கேட்டால் கொடுத்தாக வேண்டும், கொடுத்ததற்குக் கூலியாக வருவது நோய். மகள் வெள்ளைச்சி வளர்ந்து வரும்போது, தாய்க்கு நடந்தது மகளுக்கும் நடக்கக் காத்துக்கொண்டிருக்கிறது.

இதில் ஹொரர் எங்கே இருக்கிறது? ரத்தத்தில் இல்லை, நோயிலும்கூட இல்லை. *மறுபடியும் நடக்கப் போகிறது* என்று வாசகருக்குத் தெரிகிற அந்த இடத்தில் இருக்கு. பேய்ப் படங்களில் கதாநாயகி இருட்டு அறைக்குள் போகும்போது 'போகாதே' என்று கத்தத் தோணுமே, அந்த மாதிரி. வித்தியாசம் என்னவென்றால், அந்த அறைக்குள் போக வேண்டாம் என்று மருதியால் முடிவெடுக்க முடியாது. துண்டு இல்லாமல் ஒருவர் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போய் வேலை கேட்க முடியாது. துண்டு என்பது கடனும் விடுதலையும் எழுதப்பட்ட சீட்டு. குடும்பத்தின் கடன் எவ்வளவு என்று அதில் இருக்கும், அந்தக் கடனை ஏற்றுக்கொள்கிற தோட்டத்துக்குத்தான் போகலாம். அந்த முறை சட்டப்படி நீக்கப்பட்டது 1921 இல்தான். கடன் சீட்டு போனபிறகும் கங்காணியின் பிடி உடனே தளரவில்லை.

சாதாரண பேய்க்கதையில் வெளியே ஓடலாம், கதவைத் தட்டலாம், பூசாரியைக் கூப்பிடலாம். துன்பக்கேணியில் பூசாரி, பொலிஸ், நீதவான் எல்லாமே தோட்டத்துத் துரைதான். தப்பிக்க வழியே இல்லாதபடி ஒரு முறையை மனுஷர்கள் உட்கார்ந்து திட்டம்போட்டுக் கட்டியிருக்கிறார்கள் என்பதை எந்தப் புள்ளிவிவரத்தை விடவும் இந்தக் கதை எங்களுக்குப் புரியவைத்தது.

நீக்கிய கதை

இங்கேதான் பிரச்சினை சிக்கலாகிறது. 2014 இல் சென்னைப் பல்கலைக்கழகம் 'துன்பக்கேணி', 'பொன்னகரம்' என்ற புதுமைப்பித்தனின் இரண்டு கதைகளையும் பாடத்திட்டத்திலிருந்து எடுத்தது. தலித் மக்களை இழிவாகக் காட்டுகின்றன என்ற எதிர்ப்புத்தான் காரணம். எழுத்தாளர்கள் பலர் அந்த முடிவைக் கண்டித்தார்கள்.

எங்களுக்குள் இது பெரிய வாக்குவாதமாச்சு. எதிர்த்தவர்களைச் சும்மா 'இலக்கியம் தெரியாதவங்க' என்று தள்ளிவிட முடியாது என்று எங்களில் சிலர் சொன்னார்கள். தோட்டத்துக்கு வந்தவர்களில் பெரும்பகுதி ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்களுடைய பேரப்பிள்ளை ஒருத்தி வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். ஆசிரியர் கதையைச் சத்தமாக வாசிக்கிறார். கதையில் சாதிப் பெயர் வருகிறது, இழிவான வார்த்தைகள் வருகின்றன, அவளுடைய பூட்டியின் உடம்பு அவமானப்படுகிறது. பக்கத்து மேசையில் ஒருவன் சிரிக்கிறான். அந்தச் சிரிப்புக்குப் புதுமைப்பித்தன் பொறுப்பில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு வலிக்கிறது உண்மை. ஹொரர் எல்லோருக்கும் ஒரேமாதிரி ஹொரர் இல்லை, ஒருவருக்கு அது கற்பனை, இன்னொருவருக்கு ஞாபகம்.

அமெரிக்காவிலும் இதே வாதம் இருக்கு. டோனி மொரிசனின் 'பிலவட்' 1987 இல் வந்தது. 1856 இல் மார்கரெட் கார்னர் என்ற அடிமைப் பெண், தப்பி ஓடிப் பிடிபட்டபோது, மகள் மறுபடியும் அடிமையாகக் கூடாது என்று அவளைத் தன் கையாலேயே கொன்றாள். அந்த உண்மைச் சம்பவத்திலிருந்து பிறந்த நாவல் அது. செத்த குழந்தை வீட்டுக்குப் பேயாகத் திரும்பி வருகிறது. அங்கேயும் பாடசாலைகளிலிருந்து இந்தப் புத்தகத்தை எடுக்கச் சொல்லித் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள், பிள்ளைகள் பயந்துபோவார்கள் என்று.

நாங்கள் கடைசியில் வந்துசேர்ந்த இடம் இது: கதையை எடுத்துவிட்டால் அந்தச் சிரிப்பு நிற்காது. அது வேறு கதைக்குப் போய்விடும். செய்ய வேண்டியது, கதையோடு அதன் வரலாற்றையும் சேர்த்து வகுப்புக்குள் கொண்டுவருவது. யார் இவர்களை இழிவுபடுத்தினார்கள், கதையா, தோட்டமா, இல்லை ஊரில் அவர்களுக்கு ஒரு துண்டு நிலம்கூட இல்லாமல் செய்த சாதியா என்று கேட்பது. அந்தக் கேள்வி இல்லாமல் துன்பக்கேணியைக் கற்பிப்பதை விட, கற்பிக்காமல் இருப்பது மேல் என்று எங்களில் ஒருத்தி இன்னும் சொல்கிறாள். அவளோடு நாங்கள் முழுசாக ஒத்துப்போகவில்லை, முழுசாக மறுக்கவும் முடியவில்லை.

இருட்டில் நடந்தது

அடுத்தது தெளிவத்தை ஜோசப்பின் 'மீன்கள்'. தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியராக இருந்து, அந்தத் தோட்டத்தின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டவர் அவர். 2022 இல் காலமானார்.

இந்தக் கதையில் வில்லன் கிடையாது. துரை சாட்டையோடு வருவதில்லை. ஒரு லயத்துக் காம்பரா, ஒரே அறை. சமையல், சாப்பாடு, பிள்ளைப்பேறு, சாவு எல்லாம் அதற்குள்ளேயே. புருஷன், பெண்டாட்டி, வயதுவந்த மகள், மற்றவர்கள் எல்லோரும் அதே தரையில்தான் படுக்க வேண்டும். ஒருநாள் இருட்டில் தகப்பனுக்கு ஆள் மாறிப்போகிறது. அவ்வளவுதான் கதை. அதற்குமேல் விவரிக்க நாங்கள் விரும்பவில்லை, ஜோசப்பும் விவரித்துக் குளிர்காய்வதில்லை.

கவனிக்க வேண்டியது, அவர் நிறுத்துகிற இடத்தை. ஜாக் கெட்சமின் 'த கேர்ள் நெக்ஸ்ட் டோர்' (1989) எக்ஸ்ட்ரீம் ஹொரர் வாசிக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த நாவல். 1965 இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரத்தில் ஒரு சிறுமி சித்திரவதை செய்து கொல்லப்பட்ட உண்மைச் சம்பவம் அதன் அடி. அவ்வளவு கொடூரத்தையும் காட்டுகிற அந்த நாவலில் ஓரிடத்தில் கதைசொல்லி, 'இதை நான் சொல்லப் போவதில்லை' என்ற மாதிரி மறுத்துவிடுகிறான். அந்த மறுப்புத்தான் நாவலிலேயே பயங்கரமான பக்கம். நல்ல கொடூரக் கதை எல்லாத்தையும் காட்டாது. எதைக் காட்டக்கூடாது என்று அதற்குத் தெரியும்.

'மீன்கள்' வாசித்தபிறகு நமக்குக் கோபம் வருவது அந்தத் தகப்பன் மேல் இல்லை. அவனே வெட்கத்தால் செத்துக்கொண்டிருக்கிறான். கோபம் அந்த அறையின் அளவுமேல் வருகிறது. 'எட்டடிக் காம்பரா' என்று நாங்கள் சாதாரணமாகச் சொல்கிற சொல்லுக்குள் இவ்வளவு பெரிய கொடூரம் ஒளிந்திருக்கிறது என்று அப்போதுதான் உறைக்கும். கோப்பிக் காலத்தில் தனி ஆட்களைத் தற்காலிகமாக அடைத்துவைக்கிற மாதிரிக் கட்டிய வரிசை அறைகள் அவை. தேயிலை வந்தபிறகு வருஷம் முழுக்க வேலை, குடும்பமாக நிரந்தர வாசம். ஆனால் லயத்தின் அடிப்படை வடிவம் அப்படியேதான் இருந்தது. வீட்டுரிமை பற்றி எத்தனையோ அறிக்கைகள் வந்திருக்கின்றன. 'ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை போதாது' என்று அறிக்கை சொன்னால் தலையாட்டிவிட்டுப் போகலாம். ஜோசப் சொன்னால் தலையாட்ட முடியாது.

எங்கள் ஆட்கள் கண்டுபிடித்த சாமிகள்

எழுதத் தெரிந்தவர்கள் மட்டும்தான் இந்தக் கொடூரத்துக்கு வடிவம் கொடுத்தார்கள் என்றில்லை. ஊரிலிருந்து மாரியம்மனையும் முனியாண்டியையும் மாடசாமியையும் கூட்டிவந்த சனங்கள், இங்கே வந்தபிறகு சில புதுச் சாமிகளையும் உண்டாக்கினார்கள். தேயிலைத் தொழிற்சாலையின் ரோதைக்கு ரோதமுனி. கவ்வாத்து வெட்டுகிற மலைக்குக் கவ்வாத்துச்சாமி.

நகரத்துக்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள், இயந்திரத்துக்குச் சாமியா என்று. ஆனால் யோசித்தால், தொழிற்சாலைக்குள் முதல்தடவையாக நுழைந்த ஒரு விவசாயக் கூலிக்கு அந்தச் சுழலும் இரும்பு எப்படித் தெரிந்திருக்கும்? கை சிக்கினால் விடாது. யாரிடமும் முறையிட முடியாது. நிறுத்தச் சொல்ல அதிகாரம் இல்லை. முறையிட ஆளில்லாத இடத்தில் ஒரு முனியை உட்காரவைத்து, 'எங்களைக் காவு கொள்ளாதே, ஒரு சேவலை எடுத்துக்கோ' என்று பேரம் பேசினார்கள். தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் தெரியாத சனங்களின் முதல் தொழிற்சங்கக் கோரிக்கை அது என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

இன்னொரு பேயும் உண்டு, அதைச் சட்டம் உண்டாக்கியது. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964 இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் 975,000 பேரைப் பங்குபோட்டார்கள்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்றார்கள். இருக்கிறார்கள், ஆனால் இல்லை. பேய்க்கு இதைவிட நல்ல வரைவிலக்கணம் சொல்ல முடியுமா? தோட்டத்து ஸ்டேஷன்களிலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலுக்குச் சனங்கள் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. மு. சிவலிங்கம் தன் சிறுகதைத் தொகுப்பு ஒன்றுக்கு அதையே பெயராக வைத்தார். உயிரோடு இருக்கிறவர்களுக்கு ஒப்பாரி. பாட்டன் நடந்துவந்த அதே மன்னார் வழியாகப் பேரன் திரும்பிப் போனான்.

எப்போது வியாபாரமாகிறது?

கொடூரத்தை எழுதினாலே ஆழம் வந்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரு நல்ல எதிர் உதாரணம் பாலாவின் 'பரதேசி' (2013). பி. எச். டேனியல் 1969 இல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ' நாவல், இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' ஆகத் தமிழுக்கு வந்து, அதிலிருந்து உருவான படம். நாவல் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களைப் பற்றியது. டேனியல் அங்கே வைத்தியராக வேலை செய்தவர், தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டியவர். வால்பாறைக் கதை எங்கள் கதைக்கு உடன்பிறப்பு.

படத்தின் கடைசிக் காட்சி எங்களை அழவைத்தது உண்மைதான். ஆனால் நாவலில் நோயையும் கூலியையும் கடன் கணக்கையும் ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டுகிற வைத்தியரின் கண், படத்தில் காணாமல் போய்விட்டது. படத்தில் வருகிற கிறிஸ்தவ வைத்தியர் ஆடிப்பாடி மதம் பரப்புகிற கேலிச்சித்திரம். படம் வருவதற்கு முன்னால், இயக்குநர் நடிகர்களை அடித்து நடிப்புச் சொல்லிக்கொடுக்கிற காட்சிகளையே விளம்பரமாக வெளியிட்டார்கள். அடிபடுவது சரக்காகிவிட்டது. வலி இருக்கு, அந்த வலியின் கணக்குப் புத்தகம் இல்லை. யார் லாபம் எடுத்தார்கள், எந்தச் சட்டம் அனுமதித்தது, எப்படிச் சனங்கள் எதிர்த்து நின்றார்கள் என்று தெரியாவிட்டால், பார்க்கிறவருக்கு மிஞ்சுவது 'ஐயோ பாவம்' மட்டும்தான்.

'ஐயோ பாவம்' எங்களுக்கு வேண்டாம். எங்கள் பெரியவர்கள் இந்தக் கதைகளைப் பற்றிச் சொல்கிற குறையும் அதுதான்: 'எந்நேரமும் அட்டைக்கடி, அடி உதை என்றே எழுதினால், வெளியாட்கள் நம்மளை மனுஷனா மதிப்பாங்களா?' நியாயமான கேள்வி. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் பொலிஸ் சூட்டில் செத்தது கூலி உயர்வு கேட்ட போராட்டத்தில். 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை, முன்னோர் விழுந்த அதே பாதையில், இருநூறு வருஷத்தை நினைத்து நடந்தவர்கள் கையேந்தி நடக்கவில்லை, உரிமை கேட்டு நடந்தார்கள். இதெல்லாமும் சேர்ந்ததுதான் வரலாறு.

ஆனால் கொடூரத்தை மறைத்துவிட்டால் அந்தப் போராட்டமும் விளங்காது. எதற்கு எதிராக நின்றார்கள் என்று தெரியாமல் எப்படி நின்றார்கள் என்று சொல்ல முடியாது. அதனால் ஒரு கொடூரக் கதை கையில் கிடைத்தால் நாங்கள் இப்போது மூன்று விஷயம் பார்க்கிறோம். படுகிறவரின் கண்ணால் பார்க்கிறதா, பார்த்து ரசிக்கிறவரின் கண்ணாலா? எங்கே நிறுத்த வேண்டும் என்று அதற்குத் தெரிகிறதா? முடித்தபிறகு நம் கோபம் யார்மேல், எந்த முறைமேல் போகிறது? மூன்றுக்கும் ஒழுங்கான பதில் இருந்தால், எவ்வளவு அருவருப்பாக இருந்தாலும் அந்தக் கதை வாசிக்கத் தக்கது. இல்லையென்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது கும்மிதான்.

ஒரு சின்ன வரலாற்றுத் தகவல். 'கோப்பிக் கிருஷிக் கும்மி' வெளிவந்த அதே 1869 இல்தான் கோப்பி இலையில் துருநோய் இலங்கையில் கண்டறியப்பட்டது. சில வருஷங்களில் கோப்பியே அழிந்து, அந்த மலைகளில் தேயிலை ஏறியது. கும்மி பாடிய பயிர் போய்விட்டது. அதை நட்டவர்களின் லயங்கள் இன்னும் இருக்கின்றன, உள்ளே ஆட்களும் இருக்கிறார்கள். அடுத்த மாசம் நாங்கள் சேர்ந்து வாசிக்கப் போவது என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து'. இதில் பயப்பட ஒன்றும் இல்லை என்று சொல்கிறார்கள். வாசித்துவிட்டுச் சொல்கிறோம்.